கடைக்காப்பும் முடிவுரையும்

மேற்கு மாம்பலத்து ஆரிய கௌடா சாலையில் இருக்கும் அயோத்தியா மண்டபத்துக்கு மாலை வேளைகளில் உபந்நியாசம் கேட்கச் செல்பவர்கள், நடுப்பகுதியில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் அயர்வார்களே தவிர, கடைசிக் கால்மணி நேரத்தைத் தவற விடமாட்டார்கள். அந்தக் கால்மணி நேரத்துக்கென்று ஒரு தனிச் சம்பிரதாயம் உண்டு. கடிகாரம் காட்டுகிறது என்பதற்காகக் கதையை நின்ற இடத்தில் நிறுத்திவிட உபந்நியாசகருக்கு உரிமை கிடையாது. அன்றைய கதை தசரதனின் பிராணன் பிரிந்த கட்டத்தோடு நின்றிருந்தாலும், அந்தத் துக்கத்தோடு சபையை வீட்டுக்கு அனுப்பலாகாது; பரதன் பாதுகையைச் சிரசில் தாங்கித் திரும்பும் இடம் வரையிலாவது நாலு வாக்கியத்தில் கதையை நடத்திக் கொண்டுபோய், சுபமான ஓரிடத்தில் அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் மங்களம் பாட வேண்டும். ஒன்பது நாள் ராமாயணத்தில் எட்டு நாளும் எட்டிப் பார்க்காதவர்கள் கூட, பட்டாபிஷேகத்தன்று புதுப் புடவையும் பூவுமாக முன்வரிசையில் வந்து உட்காருவது இதனால்தான். கதை முழுவதும் தெரியாவிட்டாலும், அதன் முடிவு தங்களுக்குச் சேர வேண்டிய பாகம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த வட்டாரத்தின் சரித்திரத்தைப் பார்த்தால் இந்த ருசி எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கும். 1920-களில் பழைய நெடிய ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை மனை போட்டபோது, ரயில் பாதைக்குக் கிழக்கே அகன்ற சாலைகளும் பெரிய பூங்காவும் அமைந்தன. மேற்கே எஞ்சியது குறுகிய தெருக்களும், பெயர் பெற்ற கொசுவும், ஏரி மறைந்த பிறகும் ஏரியின் நினைவைச் சுமக்கும் லேக் வியூ ரோடு என்ற பெயரும்தான். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், கோட்டையிலும் ஏஜீஸ் ஆபீஸிலும் ஹார்பரிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் குறைந்த வாடகைக்கு இங்கே குடியேறினார்கள். பகல் முழுவதும் கோப்புகளில் குறிப்பு எழுதுவதே அவர்களுடைய தொழில். முன்கதை எத்தனை பக்கம் ஓடினாலும் மேலதிகாரி படிப்பது கடைசிப் பத்தியைத்தான் என்பதும், அந்தப் பத்தியில் இன்ன உத்தரவு வேண்டும் என்று தெளிவாகக் கேட்காத குறிப்பு வந்த வழியே திரும்பிவரும் என்பதும் அவர்கள் அனுபவத்தில் அறிந்த சங்கதி. 1954-இல் ஸ்ரீராம சமாஜம் தொடங்கி, பஜனையும் பாராயணமும் பிரசங்கமும் இங்கே நிலைபெற்றபோது, கேட்க வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இவர்களும் இவர்கள் வீட்டுப் பெரியவர்களுமே.

வாதம் செய்பவன் அதை எப்படி முடிக்க வேண்டும், அல்லது முடித்தே ஆக வேண்டுமா என்பது நம் நாட்டில் வெகு காலமாக விவாதிக்கப்பட்ட விஷயம். கௌதமரின் நியாய சூத்திரம் ஒரு வாதத்துக்குப் பிரதிக்ஞை, ஹேது, உதாரணம், உபநயம், நிகமனம் என ஐந்து அவயவங்களைச் சொல்கிறது. இவற்றைத் தமிழில் காண விரும்புகிறவர்கள், 1898-இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய மணிமேகலையில் இருபத்தொன்பதாம் காதையைப் புரட்டலாம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும் அந்த இடத்தில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற பெயர்களோடு இந்த ஐந்தும் வருகின்றன. மலையில் நெருப்பிருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையும் அதுபோலப் புகையுடையது என்பது உபநயம். ஆகவே புகையுடைய இந்த மலை நெருப்புடையதே என்பது நிகமனம்.

முதல் அவயவமும் கடைசி அவயவமும் ஒன்றையே சொல்கின்றன என்று தோன்றும். பௌத்த தருக்கவாதிகளுக்கும் அப்படித்தான் தோன்றியது. திங்நாகர் வழிவந்தவர்கள் முதல் மூன்றே போதும் என்றார்கள். அறவண அடிகளும் அந்த மரபைத் தழுவி, உபநயமும் நிகமனமும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று சொல்லி மேலே செல்கிறார். நையாயிகர்கள் இதற்கு இணங்கவில்லை. பிரதிக்ஞை சொல்லப்பட்டபோது அது வெறும் கட்சி. அதை ஒப்புக்கொள்ளவோ தள்ளவோ கேட்பவனுக்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. அதே வாக்கியம் நிகமனமாகத் திரும்பி வரும்போது ஹேதுவையும் உதாரணத்தையும் கூட்டிக்கொண்டு வருவதால், இனி ஐயத்துக்கு இடமில்லை என்ற அதிகாரத்தோடு வருகிறது. தனக்குத் தானே அனுமானம் செய்துகொள்பவனுக்கு அவயவங்களை அடுக்கிச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், பிறனைத் தெளியவைக்கப் புறப்பட்டவனுக்கு ஐந்தும் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இந்த வழக்கில் என் அபிப்பிராயம் நையாயிகர் பக்கம்தான்; பௌத்தர்களின் தருக்கம் நுட்பமானது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அவர்கள் மனத்தில் வைத்தது வாதத்தை; இவர்கள் மனத்தில் வைத்தது வாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளை.

மீமாம்சகர்கள் வேறொரு கோணத்தில் இதே இடத்துக்கு வந்தார்கள். ஒரு நூலின் தாத்பரியம் இன்னதென்று நிர்ணயிக்க அவர்கள் வகுத்த ஆறு அடையாளங்களில் முதலாவது, உபக்கிரமமும் உபசம்ஹாரமும் ஒத்துப்போவது. நடுவில் ஆயிரம் கிளைக்கதை வரலாம். தொடங்கிய விஷயத்தில் வந்து முடிகிறதா என்று பார் என்பது அதன் சாரம். இந்த விதிக்கு ஓர் உதாரணம்: மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரியில் 1944-இல் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் 30 பிரசங்கங்கள் செய்தார். ராமனை மனிதனாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட நிலையை, பக்தர்கள் நிறைந்த சபையில் கடைசி வரை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழில் இதற்குச் சிகரமான உதாரணம் என்று நான் எண்ணுவது சாஸ்திர நூல்களில் இல்லை. மாம்பலத்து வீடுகளில் சனிக்கிழமைதோறும் பாராயணம் செய்யப்படும் கோளறு பதிகத்தில் இருக்கிறது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைத்ததன் பேரில் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்குப் புறப்பட்ட ஞானசம்பந்தரை, சமணர்கள் செய்யத் துணியும் தீங்கை எண்ணியும் கோள்நிலை சரியில்லை என்று சொல்லியும் அப்பர் தடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. தடுப்பவர் வயதில் மூத்தவர், சமண சமயத்தில் இருந்து அவதிப்பட்டவர், அன்பினால் தடுப்பவர். அப்படிப்பட்டவரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய வாதம் அது. சம்பந்தர் முதற்பாட்டில் அப்பர் அஞ்சிய கோள்களையே வரிசையாக எடுத்துக்கொள்கிறார். இரண்டாவதில் ஆகாத நாள்களை எடுக்கிறார். பிறகு கொடிய விலங்கு, நோய், கடல் என்று அச்சத்துக்குரியவை ஒவ்வொன்றாக வருகின்றன. ஒன்பது பாட்டுகள் எல்லாம் அடியார்க்கு நல்லவையே என்ற ஒரே மகுடத்தில் போய் நிற்கின்றன. காது அந்த மகுடத்துக்குப் பழகிப்போன நிலையில், பத்தாவது பாட்டில் அது மாறுகிறது. பயணத்தின் உண்மையான நோக்கமாகிய பரசமய வாதம் அங்கேதான் முதன்முதலாக வெளிப்படுகிறது.

பதினோராவது பாட்டாகிய திருக்கடைக்காப்பில், சொன்னவன் யார், எந்த ஊரான், எதற்காக இதைச் சொன்னான் என்பவற்றையெல்லாம் கூறி, ஓதுகிறவர்க்கு வரும் பயனையும் கூறி, அதற்குத் தம் ஆணையையே பிணையாக வைத்து முடிக்கிறார். முன்பு சொன்ன பத்துப் பாட்டுகளில் ஒன்றையாவது அவர் திரும்ப எடுத்துத் தொகுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோளும் நாளும் என்று இரண்டே சொல்லில் அப்பருடைய ஆட்சேபத்தை மட்டும் நினைவூட்டிவிட்டு, எஞ்சிய இடத்தை முழுவதும் உறுதிமொழிக்குக் கொடுத்துவிடுகிறார். தடுத்த அப்பரும் விடை கொடுத்தார்.

இப்படி ஆசிரியன் பெயரும் ஊரும் பயனும் சொல்லி முடிக்கும் முறை சம்பந்தருடைய தேவாரத்தில் அவ்வளவு உறுதியாக நிலைபெற்றதால், அவர் பாடிய மூன்று திருமுறைகளுக்குமே திருக்கடைக்காப்பு என்ற பெயர் வழங்கலாயிற்று. வைஷ்ணவர்கள் இதைப் பலசுருதி என்பார்கள். திருவாய்மொழியில் பத்துப் பத்துப் பாசுரங்களுக்கு ஒரு முறை பதினோராம் பாசுரமாகக் குருகூர்ச் சடகோபன் பெயரோடு அது வந்துகொண்டே இருக்கும். திருப்பாவையின் முப்பதாம் பாசுரமும் அதுவே. பக்திக்கு இது ஏன் வேண்டும், பலன் சொல்லிப் பாட வைப்பது வியாபாரம் ஆகாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாட்டைக் கேட்டவனைக் கேட்டவனாகவே விட்டுவிடாமல் ஓதுகிறவனாக மாற்றுவதற்கு அதைவிட நேரான வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

பாட்டுக்குப் பொருந்தியது பத்திரத்துக்கும் பொருந்தியது. சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்றை முழுவதும் படித்துப் பார்த்தவர்கள் அதன் நடையை அறிவார்கள். மெய்க்கீர்த்தி முடிந்ததும் நிலத்தின் நான்கெல்லையும் வேலி, மா, குழி என்ற கணக்கும், நொந்தா விளக்கு ஒன்றுக்கு விட்ட ஆடுகள் 96 என்பது போன்ற விவரமும் மிகவும் வறட்சியாக வந்துகொண்டிருக்கும். அரசன் மடிவான், அதிகாரி மாறுவான், ஆட்டுக்காரன் பேரன் காலத்தில் நெய் அளப்பது நின்று போகும் என்பது அதை எழுதுவித்தவர்களுக்குத் தெரியும். எனவே கடைசியில், இனி வரப்போகும் முன்பின் அறியாத ஒருவனை நோக்கிப் பேச்சுத் திரும்புகிறது. இந்தத் தர்மத்தைக் காப்பவனுடைய பாதம் என் தலைமேல் இருக்கட்டும் என்று கொடையாளியே பணிந்து சொல்கிறான். அழிப்பவன் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்டார் செய்த பாவமெல்லாம் கொள்வான் என்று சபிக்கிறான். இது பன்மாஹேசுவரர் ரட்சை என்று சபையாரிடம் ஒப்படைக்கிறான். கல்வெட்டறிஞர்கள் ஓம்படைக்கிளவி என்று குறிப்பிடும் இந்தப் பகுதி இல்லாவிட்டால் மற்றவை வெறும் கணக்காக நின்றிருக்கும். தன்னைவிடப் பெரியவனாக இருக்கக்கூடிய ஒரு வருங்கால மன்னனிடம் கேட்பதால், முதலில் காலில் விழுகிறான், பிறகுதான் பயமுறுத்துகிறான் என்ற வரிசையும் நோக்கத்தக்கது.

மேல்நாட்டாரும் இதை ஆராயாமல் இல்லை. அரிஸ்டாட்டில் தம்முடைய பேச்சுக்கலை நூலின் மூன்றாம் புத்தகத்தை முடிவுரையைப் பற்றிய அத்தியாயத்தோடுதான் முடிக்கிறார். கேட்பவரை நம் பக்கம் சாய்த்து எதிரியிடமிருந்து விலக்குதல், விஷயத்தைப் பெருக்கியோ சிறுக்கியோ காட்டுதல், உணர்ச்சியைத் தூண்டுதல், சொன்னதை நினைவூட்டுதல் என்று அவர் சொல்லும் நான்கு காரியங்களில் கடைசியானது மட்டுமே நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேர்ந்தது. மற்ற மூன்றும் கப்பலிலேயே நின்றுவிட்டன போலும்.

தமிழ் உரைநடையில் பிரசங்கம் செய்வதென்னும் வழக்கத்துக்கு ஒரு பிறந்தநாள் குறிக்க வேண்டுமானால், 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமையைக் குறிக்கலாம். பேர்சிவல் பாதிரியாரிடம் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவி செய்துவந்த ஆறுமுக நாவலர், யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அன்று தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்பும் புராணம் படித்துப் பொருள் சொல்வது உண்டு. ஆனால் அங்கே செய்யுள் முன்னே நடக்க, உரை பின்னே நடந்தது. மெதடிஸ்டுப் பாதிரிமார்களோ ஒரு வசனத்தை எடுத்து, விளக்கி, கடைசியில் நீ இன்றைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பவனைப் பார்த்து விரல் நீட்டுவார்கள். நாவலர் அவர்களுடைய சமயத்தை எதிர்த்தார். அவர்களுடைய விரலை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் நடந்த பிரசங்கங்களிலும், பிறகு அவர் அச்சிட்டு வெளியிட்ட விக்கியாபனங்களிலும், படிப்பவரை நேரே விளித்துக் கடமையை நினைவூட்டும் அந்தத் தொனி ஓய்வதே இல்லை.

தஞ்சையில் கிருஷ்ண பாகவதர் மராத்தியக் கீர்த்தன முறையைத் தமிழுக்கேற்ப அமைத்து ஹரிகதையை உருவாக்கியதும் அதே நூற்றாண்டில்தான். தொடக்கத்தில் ஒரு தத்துவத்தை நிரூபணப் பொருளாக எடுத்துக்கொண்டு, கதை முழுவதையும் அதற்குச் சான்றாக நடத்தி, முடிவில் அந்தத் தத்துவத்துக்கே திரும்பி மங்களத்தில் நிற்பது அதன் கட்டு. நிகமனத்தைச் சுருதியோடும் ஜாலராவோடும் செய்ததாகவே இதைச் சொல்ல வேண்டும். மாம்பலத்து உபந்நியாசகர் இயல்பாகச் செய்யும் காரியங்களில் பாதி இந்தத் தஞ்சாவூர் வழியாக வந்தவை.

அரசியல் மேடையின் கதை வேறு. 1907-இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் பேசியபோது திரண்ட கூட்டம் அவருடைய ஆங்கிலத்தைக் கேட்கத்தான் திரண்டது. மகாநாடுகளில் தமிழர்களே தமிழர்களுக்கு ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்த காலம் அது. 1917 இறுதியில் தேசபக்தன் ஆசிரியராக அமர்ந்த திரு. வி. கலியாணசுந்தர முதலியார், 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டபோது மில் தொழிலாளர்களிடையே தமிழில் பேசினார். 1920 முதல் நவசக்தியில் எழுதினார். மேடைக்கும் தலையங்கத்துக்கும் ஒரே தமிழைப் பழக்கியவர் அவர். அடுத்த தலைமுறையில் அந்தத் தமிழ் கூர்மையாயிற்று. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும், கம்ப ராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பதைப் பற்றி அண்ணாதுரை செய்த சொற்போர்கள் பின்பு ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாயின. கொளுத்த வேண்டும் என்ற அவருடைய கட்சி எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்தத் தலைப்பைப் பாருங்கள்: வாதத்தின் உள்ளடக்கம் ஒரு சொல்கூட அதில் இல்லை, செய்ய வேண்டிய காரியம் மட்டும் இருக்கிறது. கேட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாதங்களை மறந்திருப்பார்கள். அந்த இரண்டு சொல்லை மறந்தவர் இல்லை.

இதற்கிடையில், சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம், பட்டிமண்டபம் என்ற பழம்பெயருக்கு ஒரு புது வடிவம் கொடுத்தது. முடிவுரையைப் பேசுகிறவர்களிடமிருந்து பிடுங்கி, நடுவரிடம் கொடுத்ததே அந்த வடிவத்தின் விசேஷம். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக வீற்றிருந்த நாள்களில், இரு கட்சியும் எடுத்து வைத்த பாடல்களையெல்லாம் எடை போட்டு ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்வது என்பது உண்மையாகவே பொறுப்புள்ள காரியமாக இருந்தது. தோற்ற அணியின் ரசிகர்கள் மறுநாள் சாயங்காலம் வரை திண்ணையில் அதை மறுத்துக்கொண்டிருப்பார்கள். இப்போது பண்டிகைக் காலைகளில் தொலைக்காட்சியில் வரும் பட்டிமன்றங்களில், இரண்டும் வேண்டும், அனுசரித்துப் போக வேண்டும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவதே தீர்ப்பாகிவிட்டது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்துக் கட்டுரையை இந்த வம்சத்தில் சேர்க்கலாமா என்பது சந்தேகமே. ஆங்கிலக் கல்வியோடு வந்த வியாசப் பயிற்சியிலிருந்து முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்று தலைப்புகள் தமிழ்த் தேர்வுத்தாளுக்கு வந்து சேர்ந்தன. சேர்ந்ததோடு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் சேர்ந்தது. மாம்பலத்துத் தெருக்களில் மாலைநேர டியூஷன் வகுப்பு நடக்காத தெரு அபூர்வம். அவற்றில் ஒன்றின் ஜன்னலருகே நின்று கேட்டால், மழைநீர் சேகரிப்பானாலும் நூலகத்தின் பயனானாலும் மதுவிலக்கானாலும், மேலே கூறியவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில் என்று தொடங்கும் ஒரே வாக்கியத்தைப் பிள்ளைகள் உருப்போடுவதைக் கேட்கலாம். மேடைப் பேச்சுப் போட்டிக்குச் செல்லும் பிள்ளைக்கு, வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி என் சிற்றுரையை நிறைவு செய்கிறேன் என்பது கூடுதலாகக் கற்பிக்கப்படும். மதுவை ஒழிக்க வேண்டும் என்று மூன்று நிமிஷம் ஆவேசமாகப் பேசிய குழந்தை, கடைசியில் மதுவை மறந்துவிட்டு நடுவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு இறங்கும் விந்தையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அடக்கம் நல்லதுதான், ஆனால் அது ஏறும்போதே செலுத்தியிருக்க வேண்டிய வணக்கம்.

குழந்தைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்கள் எழுதுவது திருத்துபவருக்காக. திருத்துபவர் ஏற்கெனவே எல்லாம் அறிந்தவர். அறிந்தவரிடம் சொன்னதையே திரும்பச் சொல்வதைத் தவிர வேறு என்ன செய்வார்கள்? அப்பரைப் போல மறுக்கிற ஓர் ஆள் எதிரே நின்றால்தான் சம்பந்தருடைய ஆணைக்கு வேலை உண்டு. ஆகவே தமிழாசிரியர்களிடம் என்னுடைய விண்ணப்பம் இதுதான்: அடுத்த பரீட்சைக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கும்போது, தலைப்புக்குக் கீழே அதை யாருக்கு எழுத வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். நகராட்சி உறுப்பினருக்கு, குடிக்கும் மாமாவுக்கு, மரத்தை வெட்டப்போகும் வீட்டுச் சொந்தக்காரருக்கு என்று ஆளைக் குறித்துவிட்டு, முடிவுரைக்குரிய மதிப்பெண்ணை, அந்த ஆள் செய்ய வேண்டிய காரியம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டிருக்கும் பிள்ளைக்கு முழுதாகப் போடுங்கள்.